தீப்பந்தம் அணைந்தால்?

கேள்வி: பழைய பாணியில், ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் ஒரு மாயாஜாலக் கதையாட்டம் எழுதியிருக்கிறேன். பகடை, தாள், பென்சில் போதும். பதிப்பகம் இல்லாமல் நானே வெளியிடலாமா?

பதில்: தாராளமாக. இந்த ஆட்டவகையே அப்படிப் பிறந்ததுதான். 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் நண்பர்களும் கைப்பணம் போட்டு இந்த வகையின் முதல் ஆட்டமான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். மரநிறப் பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அடுக்கினார்கள். ஓராண்டுக்குள் எல்லாம் விற்றன.

அச்சகத்துக்கு ஓடுமுன் ஒன்று செய்யுங்கள். கைப்பிரதியை அறிமுகமில்லாத நால்வரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. என் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கதையில் வரும் சுரங்கத்தின் நடுவில், ஆடிய ஒரு சிறுமி கேட்டாள்: "தீப்பந்தம் எவ்வளவு நேரம் எரியும்?" நாற்பது பக்கங்களில் எங்கும் அதை நான் எழுதவில்லை. அன்றிரவே சேர்த்தேன்: ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் அந்த ஆட்டத்தில் பயமே வந்தது. முதலில் ஐம்பது பிரதிகள் போதும்.