அரை இட்லிக்கு ஒரு மணி நேரம்: மனநலம் கேள்வி பதில்

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆறு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். அரை இட்லியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து ஒரு மணி நேரம் சாப்பிடுகிறாள். எண்ணெய் பட்ட எதையும் தொடுவதில்லை. ஆனால், ஓயாமல் சமையல் வீடியோ பார்த்துத் தம்பிக்குக் கேக் செய்து தருகிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறாள். உறவினர்கள் ‘அழகாக இளைத்துவிட்டாள்’ என்கிறார்கள். என் மாமியார் திருஷ்டி சுற்றிப்போடுகிறார். இது வெறும் பிடிவாதம்தானா? மாத்திரை உண்டா? – ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்தக் கேக்தான். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்சல் கீஸ் என்னும் ஆய்வாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களை அவர்களின் சம்மதத்துடன் ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிறாக வைத்திருந்தார். எடை கால் பங்கு குறைவதற்குள் அவர்கள் சமையல் நூல்களைத் தேடிப் படிக்கவும், தட்டிலிருந்ததைக் கிளறிக் கிளறி நெடுநேரம் சாப்பிடவும், எப்போதும் குளிர்கிறது என்று சொல்லவும், நண்பர்களிடமிருந்து ஒதுங்கவும் தொடங்கினார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசையே இல்லாதவர்கள் அவர்கள். அதாவது, நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பட்டினி மூளைக்குள் செய்யும் வேலை.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையன்று என்றாலும், நீங்கள் விவரித்தவை அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் உணவு உண்ணல் கோளாறுடன் பொருந்துகின்றன. (இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த நோய் என்று பலர் எண்ணுகிறார்கள், லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870களிலேயே இதற்கு இப்பெயரைச் சூட்டிவிட்டார்.)

இந்த வாரமே பொதுநல மருத்துவரிடமோ குழந்தைநல மருத்துவரிடமோ அழைத்துச் சென்று நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம், ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திருக்கையிலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ மருத்துவமனையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். பதற்றத்தில் ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினியிலிருந்த உடலுக்குத் திடீரென உணவு சேரும்போது பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கும் அபாயம் உண்டு. எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

அனோரெக்ஸியாவைக் குணப்படுத்தும் மாத்திரை என்று எதுவும் இல்லை, உணவுதான் மருந்து. வளரிளம் பருவத்தினருக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழிச் சிகிச்சையே பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. தொடக்கத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் அமர்ந்து, கோபமும் கெஞ்சலும் இல்லாமல் தட்டு காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். எடை கூடக் கூட அந்தப் பொறுப்பு படிப்படியாக மகளிடம் திரும்பும். இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இந்நோய்க்குப் பெற்றோர் வளர்த்த விதம்தான் காரணம் என்ற பழைய குற்றச்சாட்டை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. உங்கள் மாமியார் திருஷ்டி சுற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. இளைத்ததைப் பாராட்டும் உறவினர்களைத்தான் தடுத்து நிறுத்த வேண்டும்.

கேள்வி: எனக்கு 24 வயது. இரவில் இரண்டு பிரியாணிப் பொட்டலம், ஒரு பாக்கெட் பிஸ்கட் என்று நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்வில் விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன். இது பெண்களுக்கு வரும் நோய் என்கிறார்களே? – ஓர் இளைஞர், சென்னை

பதில்: ஆண்களுக்கும் வரும், வெட்கத்தால் அவர்கள் தாமதமாக வருகிறார்கள், அவ்வளவே. நீங்கள் சொல்வது புலிமியாவாக, அதாவது அடக்க முடியாமல் பெருந்தீனி தின்றுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயலும் உணவு உண்ணல் கோளாறாக, இருக்கலாம். இதில் எடை பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் வெளியே தெரியாது. ஆனால், தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு பலன் தருகிறது. ஏறத்தாழ 20 அமர்வுகள் தேவைப்படும். பகலில் பட்டினி கிடப்பதுதான் இரவுப் பெருந்தீனியைத் தூண்டுகிறது என்பதால், வேளை தவறாமல் சாப்பிடுவதிலிருந்தே அது தொடங்கும். ஃப்ளூயாக்ஸெட்டின் மாத்திரையும் உதவும். அளவை மனநல மருத்துவர் சொல்ல வேண்டும். நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதுவரை, வாந்தி எடுத்த கையோடு பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும் என்பதால், தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.