பட்டறை திறக்கும் நேரத்தில் டிஸ்க் சோதனை

அன்புள்ள ஐயா,

ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. பில் போடுவது பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான். மாதம் ஒருமுறையாவது, காலையில் ஆன் செய்ததும் டிஸ்க்கைச் சோதிக்க உட்கார்ந்துவிடுகிறது. லாரிக்காரர் வாசலில் நிற்கிறார். லினக்ஸைப் புதுப்பித்தும் நிற்கவில்லை. தம்பியின் புது லேப்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை. நிறுத்திவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

அடியோடு நிறுத்த வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

எக்ஸ்ட்3 (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் பழைய லினக்ஸ் முறை) காலத்தில், டிஸ்க்கை 20 முதல் 40 தடவைக்குள் மவுண்ட் செய்ததும் (அதாவது பயன்பாட்டுக்கு இணைத்ததும்), அல்லது 180 நாள் கடந்ததும், எஃப்எஸ்சிகே என்ற டிஸ்க் சோதனை நிரல் தானாக முழுச் சோதனைக்கு இறங்கும். 2011-இல் புதிதாக ஃபார்மட் செய்யும் டிஸ்க்குகளுக்கு இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். தம்பியின் லேப்டாப் சும்மா இருப்பது அதனால்தான். உங்கள் டிஸ்க்கின் தடவைக் கணக்கோ டிஸ்க்கிலேயே பதிந்திருக்கிறது. லினக்ஸைப் புதுப்பித்தாலும் கூடவே வரும்.

எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருக்கிறதே, சோதனை எதற்கு என்பார்கள். கரண்ட் போய் எழுத்து பாதியில் நின்றால் சரிசெய்ய அது போதும். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஜர்னல் அன்றாடக் குறிப்பு, எஃப்எஸ்சிகே ஐந்தொகை. கெட்டுப்போன ரேமோ, தளர்ந்த கேபிளோ சத்தமில்லாமல் செய்யும் கோளாறு குறிப்பில் ஏறாது. எந்த பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) எந்த ஃபைலுடையது, காலி என்று குறித்தது உண்மையில் காலிதானா என்று முழுக்க ஒத்துப்பார்த்தால்தான் தெரியும். (டிஸ்க்கே தேய்கிறதா என்பதை இது சொல்லாது, அதற்கு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனை தனி.)

டிஸ்க்கின் இந்த அமைப்புகளை மாற்றும் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளையில் சின்ன சி-க்கு (-c) 0 கொடுங்கள், தடவைக் கணக்கு போய்விடும். சின்ன ஐ-க்கு (-i) 3எம் (3m) கொடுங்கள், மூன்று மாதக் கெடு. அது முடியும் முன்பே ஒரு சாயங்காலம், பட்டறை அடைக்கும்போது, பூட் வரியின் (லினக்ஸ் கிளம்பும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரி) கடைசியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் (fsck.mode=force) என்று சேர்த்து ஆன் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும், லாரிக்காரரும் நிற்க மாட்டார். இந்த பூட் வரி வழி, சிஸ்டம்டி (லினக்ஸைக் கிளப்பி நடத்தும் நிரல்) உள்ள லினக்ஸுக்கு.

சோதனை ஓடும்போது பொறுமை போய் பவர் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், மவுண்ட் ஆன டிஸ்க்கின் மேல் எஃப்எஸ்சிகேயைக் கையால் ஏவவும் கூடாது. நல்ல டிஸ்க்கையே அது கெடுத்துவிடும். அப்புறம், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரியில் ஆறாவது எண்ணைப் பாருங்கள். 0 என்றிருந்தால் சோதனைக்கே வராது. ரூட்டுக்கு (லினக்ஸே இருக்கும் பகுதி) 1, மற்றவற்றுக்கு 2.