ஞாயிறு வியாபாரமும் ஆராதனையும்

தம்பி, ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் விற்பதால் ஆராதனைக்குப் போக முடியவில்லை, நான் கிறிஸ்தவனே இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். ராயபுரத்தில் எங்கள் சபையில் மாலை ஆராதனையும் உண்டு, உங்கள் போதகரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உங்கள் தராசுதான். கூடையில் தேங்கிய ஐஸ் தண்ணீரை வடித்துவிட்டு எடை போடுகிறீர்களா, பத்து ரூபாய் குறையக் கொடுக்கும் ஆயாவிடம் முகம் சுளிக்காமல் பேசுகிறீர்களா? கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. லூக்கா 19-இல் வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றபோது, இயேசு அவரைத் தொழிலை விடச் சொல்லவில்லை. அப்புறம், புதன் இரவு எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் நடக்கிறது, கடை முடித்துவிட்டு அப்படியே வாருங்கள்.