ஒரு நாட்டைப் பல துறை ஆய்வாளர்கள் எப்படி ஆராய்கிறார்கள்? கம்போடியாவை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: “ஜப்பானியல், சீனவியல் என்று பல்கலைக்கழகங்களில் ஒரு நாட்டுக்கென்றே துறை வைத்திருக்கிறார்கள். வரலாறு, பொருளாதாரம், மருத்துவம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக் குவிக்கிறார்களா, இல்லை அதெல்லாம் எங்காவது ஒன்று சேருகிறதா? இதில் மேற்படிப்புப் படிக்க ஆசை. எதை எடுத்துப் படிக்கலாம்?”

பொதுவாகப் பேசினால் இதில் ஒன்றும் பிடிபடாது. எனக்குத் தென்கிழக்காசிய வரலாற்றில் பல வருட ஈடுபாடு, அதிலும் கம்போடியா மீது தனிப் பற்று. அந்த ஒரு நாட்டை வைத்தே சொல்கிறேன்.

சேருகிறது என்பதுதான் பதில். ஒருவர் கையில் இருக்கும் சான்று இன்னொருவர் சொன்னதை இடிக்கிறதே, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சேருகிறது. எல்லாரும் ஒத்துப்போகும் இடங்களில் புதிதாக ஒன்றும் தெரியவருவதில்லை.

கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். கம்போடியாவின் பழைய வரலாறு பெரும்பாலும் கல்வெட்டுகளை வைத்துக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1937 முதல் 1966 வரை எட்டுத் தொகுதிகளாக அவற்றைப் பதிப்பித்தார். பல கல்வெட்டுகளில் இரண்டு மொழிகள் இருக்கும். சமஸ்கிருதப் பகுதி கடவுளையும் அரசனையும் செய்யுளில் புகழும். கம்போடியர்களின் மொழியான கெமரின் பழைய வடிவில் உள்ள பகுதியில் எந்த வயல் யாருக்கு, எவ்வளவு நெல், கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட வேலையாட்கள் யார் யார் என்று உரைநடையில் பட்டியல் வரும். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முடிந்ததும் நிலக்கணக்கு தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

முதல் தலைமுறை ஆய்வாளர்கள் சமஸ்கிருதம் கற்றவர்கள். அவர்கள் எழுதிய வரலாற்றில் அரசர்களும் சிவனும் விஷ்ணுவும்தான் நிறைந்திருந்தார்கள், ‘இந்தியமயமான அரசு’ என்ற கருத்தும் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. பிறகு மைக்கேல் விக்கரி போன்றவர்கள் கெமர் பகுதிகளை ஊன்றிப் படித்தார்கள். உள்ளூர்த் தலைவர்களின் பட்டங்கள், நிலத்தகராறுகள், வேலையாட்களின் பெயர்கள் எல்லாம் மேலே வந்தன. அந்தப் பெயர்களில் பூக்களின் பெயரும் உண்டு, நாய், பூனை என்று பொருள்படும் பெயரும் உண்டு. இழிவுபடுத்த வைத்த பெயரா? நம்மிடையே குப்பன், பிச்சை என்று பிள்ளை தங்கவேண்டி வைத்த பெயர்களை நினைத்தால், அதைக் கல்வெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்று தோன்றுகிறது. இங்கே மானிடவியல் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன்’ என்று நம்மவர்கள் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அது உண்மையில்லை. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் பெருங்கோயிலை எழுப்பியவர் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து கிளைத்தது என்பது உண்மை. அந்தத் தொடர்பே பெருமைக்குப் போதும். இன்னொரு மக்கள் கட்டியதை நம் பெயரில் எழுதிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கல்வெட்டுக்கு வருவோம். ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் எழுப்பிய தா புரோம் கோயிலின் கல்வெட்டு, அந்தக் கோயிலுக்கு 3,140 ஊர்களும் 79,365 பேரும் உழைத்ததாகச் சொல்கிறது. அதில் நடனப் பெண்கள் மட்டும் 615 பேர். நாடெங்கும் 102 மருத்துவமனைகள் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. இதை அப்படியே நம்புவதா, அரசனின் பெருமைப் பேச்சு என்று கழிப்பதா? கல்வெட்டு ஆய்வாளரிடம் இதற்கு விடை இல்லை. வீடுகளை எண்ணிப் பார்க்கலாம் என்றால், மக்கள் வாழ்ந்த வீடுகள் மரமும் கூரையுமாக இருந்து மக்கிப்போய்விட்டன, கல் என்பது தெய்வங்களுக்கு மட்டும்தான். 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சௌ தாகுவான் என்பவரும், சாதாரண ஜனங்கள் ஓலைக் கூரைதான் போடலாம் என்று எழுதியிருக்கிறார். சந்தையில் வியாபாரம் பார்த்தது பெண்கள், கடை என்று எதுவும் கிடையாது, தரையில் பாய் விரித்து விற்பார்கள், இடத்துக்கு வாடகை உண்டு என்கிறார். அவர் வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பு செதுக்கப்பட்ட பாயோன் கோயில் சுவர்ச் சிற்பத்தில் பெண்கள் உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். ஒரு வெளிநாட்டான் எழுதியதற்கு ஒரு சிற்பி சாட்சி சொல்வது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

வீடுகள் எங்கே இருந்தன என்பதை 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார்கள். டேமியன் எவன்ஸ் தலைமையிலான குழு காட்டின் மேல் பறந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சியது. லைடார் என்பார்கள். இலைகளின் இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால் மரங்கள் மறைந்து மண்ணின் மேடு பள்ளம் தெரியும். அங்கோர் வாட் மதிலுக்குள்ளேயே தெருக்கள், வீட்டு மேடுகள், குளங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. 2015இல் இன்னும் பெரிய பரப்பை அளந்தார்கள். இந்த மேடுகளையும் அகழாய்வையும் கல்வெட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 2021இல் ஓர் ஆய்வு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் கெமர் அரசின் தலைநகரான அங்கோர் பெருநகரப் பகுதியில் 7 முதல் 9 லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்கிறது. அதைப் பார்த்த பிறகு 79,365 என்ற எண் அவ்வளவு மிகையாகத் தோன்றவில்லை.

அந்த நகரம் ஏன் விழுந்தது என்பதில் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் சுவையானது. பழைய பாடப்புத்தகப் பதில் ஒரே வரி: 1431இல் இன்றைய தாய்லாந்தில் இருந்த அயுத்தயா அரசின் படை வந்து பிடித்தது. பெர்னார் பிலிப் குரோஸ்லியே என்ற தொல்லியலாளர், நீர்ப்பாசன அமைப்பு கெட்டதுதான் காரணம் என்று வாதிட்டார். மேற்கு பராய் என்ற ஏரி மட்டும் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது என்பதால், அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளவும் முடியாது. பிறகு மர ஆய்வாளர்கள் வந்தார்கள். பிரெண்டன் பக்லி குழு தெற்கு வியட்நாம் மலைக்காட்டில் நிற்கும் பழைய ஊசியிலை மரங்களில் பென்சில் பருமனுக்குத் துளையிட்டு வளையங்களை அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல ஆண்டுகள் நீண்ட வறட்சி. நடுநடுவே கால்வாய்களை உடைத்துப்போடும் அளவுக்குப் பேய்மழை.

வறட்சிதான் காரணம் என்று எல்லாரும் ஏற்கத் தொடங்கிய நேரத்தில், டான் பென்னி குழு நகர மையமான அங்கோர் தோமின் அகழியின் அடியில் படிந்த சேற்றை எடுத்து ஆராய்ந்து 2019இல் எழுதியது வேறு கதை. 14ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலேயே நகர மையத்தில் நிலப்பயன்பாடு மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது. படையும் பெரும் வறட்சியும் வருமுன்பே ஆட்கள் நகரத் தொடங்கிவிட்டார்கள். கடல் வணிகத்தை ஆராய்பவர்களோ, சீனாவோடு வியாபாரம் பெருகியதால் ஆற்றுவழி கடலை எட்டக்கூடிய, இன்றைய தலைநகரான புனோம் பென் பக்கம் அதிகாரம் நகர்ந்தது என்று முன்பிருந்தே சொல்லி வந்தார்கள். சேறு அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது: செல்வாக்குள்ளவர்கள் முதலில் போனார்கள், பராமரிக்க ஆளில்லாத கால்வாய்களை மழை உடைத்தது, 1431 கடைசியில் வந்தது. எந்த ஒரு துறையும் தனியாக இதைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து சொல்லப்போவது கனமான விஷயம். 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் புனோம் பென்னைப் பிடித்து நகரத்தையே காலி செய்தது. 1979 ஜனவரி 7 வரை அந்த ஆட்சி. எத்தனை பேர் இறந்தார்கள்? இதற்கு மக்கள்தொகையியல் வேண்டும், ஆனால் கையில் இருந்ததோ 1962 கணக்கெடுப்பும் அதற்கு அடுத்த 1998 கணக்கெடுப்பும்தான். இடையில் 36 வருடம். 1962இலிருந்து பிறப்பு, இறப்பு விகிதங்களை வைத்து முன்னோக்கியும், 1998இலிருந்து பின்னோக்கியும் கணக்கிட்டு, அகதிகளாகப் போனவர்களைக் கழித்து, மிச்சம் விழும் ஓட்டையை அளக்கிறார்கள். கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்துக்காக 2009இல் தயாரான அறிக்கை 17 முதல் 22 லட்சம் என்றது. அதில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் வன்முறையால் இறந்தவர்கள்.

கம்போடிய ஆவண மையத்தினர் நாடெங்கும் நடந்து சுமார் 20,000 புதைகுழிகளை வரைபடத்தில் குறித்தார்கள். குழிகள் பெரும்பாலும் கொலையைக் காட்டும். பட்டினியிலும் காய்ச்சலிலும் ஒவ்வொருவராகச் செத்தவர்களை அவை காட்டாது. அதைக் கணக்கெடுப்பின் ஓட்டை காட்டுகிறது, ஆனால் யார், எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. மே எபிஹாரா என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1959–60இல் ஒரு கெமர் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் பழகியவர். முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது, அவர் குறித்துவைத்த குடும்பங்களில் யார் யார் இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. ஏறக்குறைய பாதிப்பேர் அந்த ஆட்சியில் போயிருந்தார்கள். உறவுமுறையைப் பதிய எழுதிய ஒரு குறிப்பேடு இப்படிப் பயன்படும் என்று 1960இல் யார் நினைத்திருப்பார்கள்?

சட்டம் இவற்றின் மேல் வருகிறது. சிறுபான்மையினரான சாம் முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் இனமாகக் குறிவைத்தார்களா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய இறப்பு விகிதம், தப்பியவர்களின் சாட்சி, கட்சியின் சொந்த ஆவணங்கள் எல்லாம் மேசைக்கு வந்தன. 2018 நவம்பரில் அது இனப்படுகொலைதான் என்று தீர்ப்பு வந்தது.

மருத்துவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே. தாய்லாந்து எல்லையில் பைலின் என்று ஒரு ஊர், ரத்தினக்கல் தோண்டுகிற இடம். மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயினை எதிர்க்கும் கிருமி ஆரம்பத்தில் தலைதூக்கிய இடங்களில் அந்த எல்லைப்பகுதி ஒன்று. அடுத்து வந்த ஆர்ட்டிமிசினினுக்கும் அங்கேதான் கிருமி பழகியது. 2009இல் வெளியான ஆய்வில், ரத்தத்திலிருந்து கிருமி நீங்க வடமேற்குத் தாய்லாந்தில் 48 மணி நேரம் ஆனது, பைலினில் 84. ஏன் அதே இடம்? ஆய்வகத்தில் பார்த்தால் மரபணு மாற்றம் தெரியும், காரணம் தெரியாது. கல் தோண்டவும் மரம் வெட்டவும் வந்து போகும் கூலியாட்கள், உரிமமில்லாத மருந்துக்கடையில் பாதி அளவு வாங்கித் தின்பது, போலி மாத்திரை, போரில் சிதைந்த சுகாதார அமைப்பு என்று காரணங்கள் எல்லாம் ஆய்வகத்துக்கு வெளியே கிடந்தன. கொசு ஆராய்ச்சியாளரும் சமூக ஆய்வாளரும் ஒரே ஊரில் அலைந்தது அதனால்தான்.

தோன்லே சாப் ஏரியும் அப்படித்தான். மழைக்காலத்தில் மேக்கோங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு திசை மாறி உள்ளே பாயும், ஏரி பல மடங்கு விரியும். கம்போடியர்களின் மீன் சாப்பாடு அதை நம்பித்தான். மேலே சீனாவும் லாவோசும் கட்டும் அணைகளால் அந்தத் துடிப்பு என்னாகும் என்று நீரியலாளர், மீன்வள ஆய்வாளர், வெளியுறவு ஆய்வாளர் மூவரும் எழுதுகிறார்கள். இதற்குத் தனிப் பதிலே எழுதலாம்.

இந்தத் துறைகளுக்கு ஒரு அரசியல் பின்னணியும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. செதேஸ் பணியாற்றிய தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி 1900இல் காலனி ஆட்சியின் கீழ் உருவானது. ‘காட்டில் தொலைந்த நகரத்தை நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்ற கதையும் அந்தக் காலத்தில் பரவியதுதான். அங்கோர் வாட்டில் கெமர் பிக்குகள் இருந்துகொண்டே இருந்தார்கள், 1632இல் வந்த ஒரு ஜப்பானிய யாத்திரிகர் தூணில் எழுதிவைத்தது இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நாட்டு ஆய்வுகளுக்குப் பணம் கொட்டியதற்குக் காரணம் பனிப்போர், 1958இல் வந்த பாதுகாப்புக் கல்விச் சட்டம் அதன் அடையாளம். இன்று சியம் ரீப்பில் கெமர் ஆய்வு மையமும் அதன் நூலகமும் இருக்கின்றன. கம்போடியர்களே தங்கள் நாட்டை ஆராய்வது பெருகிவருகிறது, வெளியிலிருந்து போகிறவர்கள் அவர்களோடு சேர்ந்து எழுதுவதுதான் முறை.

இனி உங்களுக்கான யோசனை. ‘கம்போடியவியல்’ என்று பொதுவாக எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிக்காதீர்கள். ஒரு துறையை, அது புள்ளியியலோ தொல்லியலோ நீரியலோ, அதன் கருவிகளோடு ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே அந்த நாட்டின் மொழியைப் படியுங்கள். பிரான்சுவா போன்ஷோ என்ற பாதிரியார் பத்து வருடம் அங்கே வாழ்ந்து கெமர் பேசிப் பழகியவர். 1975க்குப் பிறகு பிரான்சில் உட்கார்ந்துகொண்டு கெமர் ரூஜ் வானொலியைக் கேட்டார், அகதிகளிடம் அவர்கள் மொழியிலேயே விசாரித்தார், உள்ளே நடப்பதை 1977லேயே புத்தகமாக எழுதினார். அகதிகளை நம்பலாமா என்று வெளியே சில அறிஞர்கள் அப்போதும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

கெமருக்கு எழுத்து நம்மைப் பயமுறுத்தாது, பழகியதுபோல் சீக்கிரம் பிடிபடும். உச்சரிப்புக்குத்தான் நேரம் பிடிக்கும், உயிர் ஒலிகள் ஏராளம். முதல் வருடமே அதில் இறங்கிவிடுங்கள், ஆய்வுத் தலைப்பை இரண்டாம் வருடம் முடிவு செய்தால் போதும்.