அண்ணனுக்கு 2 லட்சம் போனால் சனிக்கிழமை சம்பளம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 12 வருடமாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 8 டெய்லர்களோடு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் போட வங்கியில் 9 லட்சம் கேட்கிறேன்; மெஷினுக்கு 6, நடைமுறை மூலதனம் 3. திட்ட அறிக்கையைத் தெரிந்தவர் ஒருவர் போட்டுக் கொடுத்தார். பில் பணம் வர இரண்டு மாதம் இழுக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டெய்லர்கள் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள். ஆல்டர் பீஸுக்கு, அதாவது குறை என்று திரும்பி வந்து சரிசெய்து தரும் பீஸுக்கு, கூலியும் கிடையாது. லோன் வந்ததும் 2 லட்சம் கொடு என்கிறார் அண்ணன். முன்பு நகையை அடகு வைத்துக் கொடுத்ததே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: பில், தீபாவளி, ஆல்டர் என்று நீங்கள் எழுதிய மூன்று வரிதான் அம்மா உண்மையான திட்டம். அறிக்கையிலோ வருடம் 300 நாள் வேலை, மாதாமாதம் வரவு! போட்டவர் லைனில் நின்றவர் இல்லை. நீங்கள் நின்றவர்.

மெஷின் பணத்தை வங்கி பெரும்பாலும் நேராக டீலருக்கே அனுப்பிவிடும். உங்கள் கைக்கு வருவது அந்த 3 லட்சம்தான். அண்ணன் கேட்பதும் அதில்தான். டெய்லருக்கு நாளுக்குச் சராசரி 700 என்று வையுங்கள். வாரம் ஆறு நாள் வேலைக்கு 8 பேருக்கு 33,600. பில் வரும்வரை 9 வாரத்துக்கு 3 லட்சம் அப்படியே சம்பளத்துக்குச் சரி; வாடகையும் கரண்ட் பில்லும் தனி. 2 லட்சம் அண்ணனிடம் போனால் மூன்றாவது சனிக்கிழமையே இடிக்கும். அடுத்த திங்கள் டெய்லர் பக்கத்து யூனிட்டில் இருப்பார்.

'ஆப்பில் அஞ்சு நிமிஷத்தில் லோன்' என்று யாராவது சொல்வார்கள். மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24. பிராசஸிங் கட்டணம் வேறு. தையல் கூலியில் அந்த அளவு லாபம் நிற்குமா, நீங்களே சொல்லுங்கள்.

6 டெய்லரோடு தொடங்குங்கள். சம்பளம் 2.27 லட்சத்தில் அடங்கும், மீதி வாடகைக்கு. அறிக்கையை உங்கள் கையாலேயே திருத்துங்கள்: முதல் இரண்டு மாதம் வரவு பூஜ்யம், தீபாவளி மாதம் பாதி. ஆர்டர் தருவதாகச் சொல்லும் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்யுங்கள். அப்படிப் பதிந்த யூனிட்டுக்கு ஆர்டர் தந்த கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வருமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அண்ணனிடம், "வங்கிக்காரர் ஒவ்வொரு செலவுக்கும் பில் கேட்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். கேட்கவும் செய்வார்கள்.