அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு வாரம் முழுக்க என்னதான் நடக்கிறது? பாட்டும் பொம்மையும்தானா?

கேட்டவரின் கவலை இது: அக்கா மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் பாட்டு பாடினோம், குச்சி எண்ணினோம், பொம்மை வைத்துக் கதை சொன்னோம் என்கிறாளாம். நோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டுப்பாடமும் கிடையாது. எதிர்வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.யிலேயே பக்கம் பக்கமாக எழுதுகிறான். இங்கே படிப்பு நடக்கிறதா, இல்லையா?

நான் செஞ்சிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் ஹெச்.எம். சாரிடம். என் அறையில் இருபத்து மூன்று பிள்ளைகள். மூன்று வகுப்பும் ஒரே அறை, ஒரே டீச்சர். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் விளங்காது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு "இரண்டாம் வகுப்பு" என்றால் ஒரு வகுப்பறை, ஒரு புத்தகம், எல்லோரும் ஒரே பக்கம். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் விட்டதைப் பிடிக்கத்தான் திட்டம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு போட வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். சுருக்கமாகச் சொன்னால் அரும்பு என்பது ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டவே தடுமாறினால் அவன் அரும்பு. அவனுக்கு அரும்புப் பயிற்சி நூல்தான். அவனை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அழகாக எழுதிவிடுவான். நோட்டும் நிறையும், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள். அவனுக்கோ ஒரு வரி வாசிக்க வராது. இப்படி நோட்டு நிறைந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காலை வணக்கக் கூட்டம், கொடியேற்றம், உறுதிமொழி, ஒரு குறள், அன்றைய செய்தி. ஐந்தாறு பேர் வந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோவிலுக்குப் போனவர்கள், பாட்டி வீட்டிலிருந்து இன்னும் திரும்பாதவர்கள். மணிலா, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நாட்களில் இன்னும் இரண்டு பேர் குறைவார்கள். வருகையைச் செயலியில் பதிய வேண்டும். சிக்னலுக்காக நான் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. "டீச்சர், இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் ரெண்டு கோடு வருது" என்று வழிகாட்ட ஒருத்தி இருக்கிறாள். வந்திருப்பவர்களோடு போன வாரத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பதுடன் திங்கள் முடிந்துவிடும். இரண்டு நாள் லீவில் எவ்வளவு மறக்கும் என்பதை ஆசிரியராக இருந்தால்தான் நம்புவீர்கள்.

இதற்கு முன்பே சாப்பாடு ஒன்று இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் சமைப்பது மகளிர் குழு அக்காக்கள்தான். அதில் ஒருவருடைய பிள்ளை என் வகுப்பிலேயே இருக்கிறான். அதனால் உப்பு கூடினால் பேச்சு அவனுக்குத்தான் விழும். படிப்பைப் பற்றிக் கேட்டால் நீ ஏன் உப்புமாவைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் பதினொரு மணிக்கு வகுப்பில் நாலைந்து பேர் மேஜையில் தலை சாய்த்திருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று நானே திட்டியிருக்கிறேன். அம்மா விடியற்காலையிலேயே களை எடுக்கப் போயிருப்பார், பிள்ளை வெறும் டீயோடு வந்திருக்கும். இப்போது பதினொரு மணிக்கு அந்தத் தூக்கம் இல்லை. மதியம் சத்துணவு, ஐந்து நாளும் முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை கடலை அல்லது பயறு உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு நேரத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் உங்கள் அக்கா மகள் சொன்ன "குச்சி எண்ணினோம்" அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கூட்டல் எல்லாம் சரியாகப் போடுவான். "நூற்றைந்து எழுது" என்றால் 1005 என்று எழுதுவான். நூறு, அப்புறம் ஐந்து. காதில் விழுந்தது அப்படியே கையில் வருகிறது. திருத்தி, பத்து முறை எழுது என்று சொன்னேன். பத்து முறையும் 105 என்று எழுதினான். அடுத்து நூற்றெட்டு சொன்னேன், 1008 என்று எழுதினான்.

அதனால் குச்சிக்குப் போனோம். தென்னந்துடைப்பத்தை உடைத்த ஈர்க்குச்சிகள், ஒரு டப்பா ரப்பர் பேண்டு. செலவு என்று பார்த்தால் ரப்பர் பேண்டுதான். பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. தரையில் சாக்பீஸால் மூன்று வீடு வரைந்தோம்: நூறு வீடு, பத்து வீடு, ஒன்று வீடு. உதிரிக் குச்சி ஒன்று வீட்டில்தான் இருக்க வேண்டும், ஒன்பதுக்கு மேல் சேர்ந்தால் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நூற்றைந்து கொண்டு வா என்றேன். பெரிய கட்டை நூறு வீட்டில் வைத்தான், ஐந்து குச்சியை ஒன்று வீட்டில் வைத்தான். நடு வீடு காலி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், இந்த வூட்ல யாரும் இல்ல." யாரும் இல்லை என்றால் என்ன எழுதுவாய்? முட்டை போட்டான். 105.

இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. அவன் நோட்டில் அன்று பதிந்தது ஒரே ஓர் எண். வீட்டுக்குப் போய், "குச்சி எண்ணினோம்" என்றுதான் சொல்லியிருப்பான்.

இதில் தமிழில் எண்ணும் பிள்ளைகளுக்கு ஒரு குழி இருக்கிறது, உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் "எண்பத்துப் பத்து" என்பார்கள். சிலர் நேராக நூறுக்குத் தாவுவார்கள். "தொண்ணூத்தி ஒன்னு எழுது" என்றால் 101 வரும். குற்றம் பிள்ளை மீது இல்லை. ஒன்பது என்ற சொல்லில் பத்தின் சாயல், தொண்ணூறில் நூறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம் என்று நம் மொழியில் ஒன்பது வரிசை முழுக்க அடுத்த படியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பெரியவர்களுக்கு உறைக்காது, ஏழு வயதுக்கு உறைக்கும். ஒன்று முதல் நூறு வரை தினமும் ஒப்பிக்கச் சொல்வதால் இது தெரியவராது. ஒப்பிக்கும்போது எல்லோரும் சரியாகவே சொல்வார்கள்.

புதன் எனக்குப் பிடித்த நாள். காலையில் பொங்கல், அதனால் பிள்ளைகளுக்கும் பிடித்த நாள். கதைக் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம், படித்தல் களம் என்று அறையின் மூலைகளுக்குப் பெயர் உண்டு. எங்கள் அறைக்கு நாலு மூலைதானே, அதனால் சில களங்கள் ஜன்னலில் தொங்குகின்றன. சுவரின் அடியில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுதும் உயரத்தில், கரும்பலகை ஓடுகிறது. அது முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் காலத்தில் வந்தது. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது, பாட அட்டைகளும், பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப் படங்களுமாக இருக்கும். அட்டைகள் போய்விட்டன, கீழ்க் கரும்பலகை நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் அந்தத் திட்டம் விட்டுப்போன சொத்தில் அதுதான் பெரியது. ஆளுக்கு ஒரு கட்டம். எழுதலாம், அழிக்கலாம், தப்பு என்று சிவப்பு மையில் யாரும் கோடு போட மாட்டார்கள்.

ஒன்றாம் வகுப்பு அங்கே ட, ப, ம எழுதிக்கொண்டிருக்கும். "அ-வில் இருந்து தொடங்காமல் இது என்ன கூத்து" என்று ஒரு தாத்தா சண்டைக்கே வந்துவிட்டார். ஒரு குச்சி, ஒரு படுக்கைக் கோடு போட்டால் ட ஆகிவிடும். அ எழுதக் கை எத்தனை வளைவு வளைய வேண்டும் என்று பாருங்கள். அந்த மூன்று எழுத்தையும் புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடலாம். பள்ளிக்கு வந்த சில வாரங்களிலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசிக்கிறது. 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்றால் அந்தப் பிள்ளை எப்போது வாசிக்கும்? தாத்தா சமாதானம் ஆகவில்லை. பேத்தி தெருவில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் "பட்டம்" என்று வாசித்த பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பொம்மைக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, ஜூனில் சேர்ந்தவள். ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வாள். பேச்சே வராதோ என்று பயந்து அவள் அம்மாவிடம் விசாரித்தேன், "வூட்ல வாய் மூட மாட்டா டீச்சர்" என்றார். ஒரு புதன்கிழமை, பழைய சாக்ஸில் செய்த ஆட்டுப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் போக மறுக்கும் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் "மே மே" என்று கத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆடு அப்டிக் கத்தாது டீச்சர்." அவள்தான். வீட்டில் பன்னிரண்டு ஆடு. பசிக்குக் கத்துவது வேறு, தாயைத் தேடிக் கத்துவது வேறு, கட்டியிருந்தால் கத்துவது வேறு என்று மூன்றையும் கத்திக் காட்டினாள். பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவள் சொன்னதை நான் பலகையில் அப்படியே எழுத, எழுதியதை அவளே விரல் வைத்து வாசித்தாள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் பாதி மனப்பாடம், பாதி வாசிப்பு. பரவாயில்லை, வாசிப்பு அப்படித்தான் ஆரம்பிக்கும்.

வியாழன், வெள்ளி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வியாழன் ஆங்கிலம் அதிகம், பெரும்பாலும் பாட்டும் அபிநயமும். என் உச்சரிப்பைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம். வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்தன. அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம், சாப்பாட்டு மணிக்குப் பிறகு யார் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். 'பற' புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படம் மட்டும் பார்க்கும் ஒன்றாம் வகுப்புக்காரர்கள் உண்டு, பிடுங்க மாட்டேன். வெள்ளி என்றால் மதிப்பீடு, அதைப் பதிவேற்றுவது, அதற்கான தாள்கள். சொல்லப்போனால் திட்டத்தில் எனக்கு ஆகாத பகுதி இதுதான். குச்சிக்குக் கிடைத்த நாற்பது நிமிடம் மாதிரி இன்னொரு நாற்பது நிமிடத்தை வெள்ளிக்கிழமை பதிவேடு தின்றுவிடுகிறது. மூன்று வகுப்புக்கு ஒரு டீச்சர் என்பதும் சரியில்லை, பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஆளைக் கணக்கிட்டால் எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்கு எப்போதும் இரண்டு பேர்தான் வருவார்கள். நான் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் ஹெச்.எம். சார் ஒருவரே பார்ப்பார். அன்று படிப்பு நடந்தது என்று நான் சொன்னால் அது பொய்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: பள்ளிக்குப் பள்ளி, டீச்சருக்கு டீச்சர் மாறும். பாட்டை மட்டும் பாடிவிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன். உங்கள் அக்கா மகள் எந்த மாதிரி வகுப்பில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க நோட்டைப் புரட்ட வேண்டாம். அவள் இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகத்தில் இரண்டு வரி வாசிக்கக் கொடுங்கள். எண்பத்தொன்பதுக்கு அடுத்ததைக் கேளுங்கள். நூற்றைந்து எழுதச் சொல்லுங்கள். தடுமாறினால் அவளைத் திட்டாமல், பள்ளிக்குப் போய் டீச்சரிடம் "இவள் அரும்பா, மொட்டா?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்து, எதில் சிக்கியிருக்கிறாள் என்பதும் கூடவே வந்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பலாம். பதிவேட்டைத் தேடினால் மட்டும் அடுத்த வாரமும் ஒருமுறை போய் நில்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அப்புறம், பொம்மைக் கதையை அவளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முடிவு மாறியிருந்தால் திருத்திவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் அந்த ஆட்டுக்குட்டி இதுவரை ஒருமுறைகூடச் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை.