வெளிநாட்டு மிஷன் பயணத்தில் இருக்கும்போது தேவனுடைய உண்மையை மறக்காமல் இருப்பது எப்படி?

அடுத்த மாதம் முதன்முறையாக ஒரு குழுவோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவதாகவும், "இங்கே இருக்கிற உற்சாகமெல்லாம் அங்கே போனதும் வடிந்துவிடும்" என்று அனுபவப்பட்டவர்கள் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது சரிதான், வடிந்துவிடும். எனக்கு மூன்றாம் நாளே வடிந்துவிட்டது.

நான் போனது ஐந்து வாரப் பயணம். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கும் விசுவாசிகளுக்கு அது நல்லதில்லை. குழுவில் ஏழு பேர். என் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி, அப்புறம் தூக்கமே இல்லை. வயிறும் படுத்தியது. மூன்றாம் நாள் காலைத் தியானத்தில் மற்ற ஆறு பேரும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்க, ஊர் திரும்ப இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்திலும் இதே மூன்று நாள் கணக்குதான் வருகிறது. செங்கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்து, கரையேறிப் பாடி ஆடிய ஜனம், மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடந்து மாராவுக்கு வந்ததும் முறுமுறுக்கிறது. ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டபோது "என்ன நன்றிகெட்ட ஜனம்" என்று தோன்றியது. இப்போது அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது. தாகத்தோடு நடக்கிறவனுக்கு நேற்றைய கடல் எங்கே ஞாபகம் வரும்? உடம்பு அசந்துபோனால் முதலில் கழன்று ஓடுவது நினைவுதான். அதனால் உங்கள் ஞாபகசக்தியையோ பக்தியையோ மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

யோசுவா 4ஆம் அதிகாரத்தை இதற்காகவே ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றுபோன யோர்தான் ஆற்றை இஸ்ரவேலர் கடக்கும்போது, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் அதிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வருகிறார்கள். பின்னாளில் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக அந்தக் கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கவனிக்காமல் விட்டது, அந்தக் கல்லை எங்கிருந்து எடுக்கச் சொன்னார்கள் என்பதை. கரையில் கிடக்கும் கல் இல்லை. ஆற்றின் நடுவில், ஆசாரியர்களின் கால் நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அதுவோ அறுப்புக்காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடும் சமயம். ஆசாரியர்கள் கரையேறியதும் தண்ணீர் பழையபடி திரும்பிவிட்டது. "அப்புறம் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தால் அந்தக் கல் கிடைத்தே இருக்காது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுத ஆரம்பித்தேன். ஊர் திரும்பிச் சபையில் சாட்சி சொல்வதற்காக எழுதுவது வேறு. அதில் எல்லாம் அழகாக மெருகேறி வந்துவிடும். நான் சொல்வது அன்றன்றைக்கு, படுக்கப்போகும் முன், கை ஓயும்போது எழுதும் நாலு வரி. என் குறிப்பேட்டில் 12ஆம் நாளில் இப்படித்தான் இருக்கிறது: "மின்சாரம் இல்லை. பெட்டி இன்னும் வரவில்லை. குழுத்தலைவரோடு வாக்குவாதம், தப்பு என்மேல். மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாலைக் கூட்டத்துக்கு நாலே பேர். சட்டை கடன் கொடுத்த தம்பி, அதைத் துவைத்தும் வைத்திருந்தான்." அன்றைக்கு அந்தக் கடைசி வரியை எழுத வேண்டுமா என்றுகூட யோசித்தேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் என் கண் முதலில் போவது அங்கேதான்.

கிளம்பும் முன்பே குறிப்பேட்டை ஆரம்பித்துவிடுங்கள். முதல் சில பக்கங்களில், இந்தப் பயணத்துக்கு முன்னால் கர்த்தர் உங்களை நடத்திய விஷயங்களைத் தேதி போட்டு எழுதுங்கள். பொதுவாக "ஆசீர்வதித்தார்" என்று எழுதினால் நடுராத்திரியில் அது ஒன்றுக்கும் உதவாது. எந்த மாதம், என்ன நெருக்கடி, யார் மூலமாக எது வந்தது என்று இருக்க வேண்டும். பதில் வராத ஜெபங்களையும் சேர்த்து எழுதுங்கள். வெற்றிக் கணக்கு மட்டுமே இருக்கும் நோட்டை கஷ்டம் வரும்போது நம்ப முடியாது. 77ஆம் சங்கீதத்தில் ஆசாப், தேவன் இரக்கம் காட்ட மறந்துவிட்டாரோ என்று நேரடியாகவே கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பழைய கிரியைகளை நினைக்கத் தொடங்குகிறார். கடைசியில் போய் நிற்பது அதே செங்கடலில். தேவன் நடந்துபோன வழி அங்கே இருக்கிறது, காலடித் தடம்தான் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. மிஷன் பயணத்தில் போகிறவர்கள் தங்கள் வசதியைத் தேவனுடைய உண்மை என்று சட்டென்று பெயர் வைத்துவிடுவோம். நானும் வைத்தேன். ஒருநாள் மழையில் வண்டி கிடைத்ததும் "பாருங்கள், கர்த்தர் எவ்வளவு உண்மையுள்ளவர்!" என்று உரக்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. வண்டிக்கு வெளியே, எங்களோடு கூட்டத்துக்கு வந்திருந்த உள்ளூர் ஆட்கள், வழக்கம்போல் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வண்டி இல்லை. அப்படியானால் அவர்களிடம் கர்த்தர் உண்மையாக இல்லையா? வண்டி கிடைத்ததற்கு நன்றி சொல்லலாம், தாராளமாக. ஆனால் அவருடைய உண்மையை அந்த வண்டியில் கட்டி வைத்தால், அடுத்த வண்டி வராத நாளில் அதுவும் போய்விடும்.

பர்மாவுக்கு ஊழியத்துக்குப் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1813இல் ரங்கூனில் போய் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். நடுவில் ஆறு வருஷம். பிறகு 1824இல் சிறைவாசம், 1826இல் மனைவி ஆன் மரணம், அடுத்த வருஷமே இரண்டு வயது மகளும் போய்விட்டாள். அதன்பின் அவர் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருண்டுபோய்க் கிடந்த காலமும் உண்டு. பர்மிய மொழி வேதாகம மொழிபெயர்ப்பை 1834இல்தான் முடித்தார். 1817இல் அவரிடம் யாராவது "ஒரு சாட்சி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஐந்து வாரத்துக்குள் பலன் காட்ட வேண்டும் என்று துடிக்கும்போது இந்தத் தேதிகளை ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

என் கதைக்கு வருகிறேன். நாலாவது வாரம் ஒரு வீட்டுச் சபைக்குப் போனோம். அங்கே மூப்பர் ஒருவர் அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினார். அவர்களுடைய ஜெபக் குறிப்பு. எங்கள் ஏழு பேரின் பெயரும் அவர்கள் எழுத்தில் அதில் இருந்தது. நாங்கள் வருவதற்குப் பல மாதம் முன்பே பட்டியல் போயிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பெயராகத் தட்டுத்தடுமாறி வாசித்தார். என் பெயர் வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு பிழை. பக்கத்தில் கூடியிருந்த ஒரு பாட்டி என்னைச் சுட்டிக்காட்டி அதே பிழையோடு கூப்பிட்டார். நிறையத் தடவை சொல்லிப் பழகிய வாய் என்பது கேட்டதும் தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்த தேதியை எழுதிக்கொண்டு, ராத்திரி என் குறிப்பேட்டின் முதல் பக்கங்களைப் புரட்டினேன். அந்த வாரம் நான் எழுதியிருந்தது: "பயணத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு அனுப்பலாம்." ஏன் அனுப்பவில்லை என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது. இதை ஒரு அற்புதமாக்கி மேடையில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, இதுவரை சொன்னதும் இல்லை. ஆனால் நான் தேதி போட்டு எழுதியிருக்காவிட்டால் இந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று சந்தித்தே இருக்காது.

பெட்டி கடைசிவரை வரவில்லை. என் குறிப்பேட்டில் அதற்கு நேரே இன்னமும் கேள்விக்குறிதான். அதற்குக் கீழே அந்தப் பாட்டி சொன்ன மாதிரியே என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.